கம்ப்ரசர் சும்மா வெடிப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பஞ்சர் கடையிலோ லேத் பட்டறையிலோ ஏர் கம்ப்ரசர் டேங்க் வெடித்துவிட்டது என்று அவ்வப்போது பத்திரிகைகளில் செய்தி வருகிறது. யாருக்குக் காயம், எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு, கூரை ஷீட் எவ்வளவு தூரம் பறந்து விழுந்தது, எல்லாம் இருக்கும். ஏன் வெடித்தது என்று மட்டும் ஒரு வரி இருக்காது. அதைப் படிக்கிற இன்னொரு கடைக்காரர் "அவன் நேரம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் கம்ப்ரசர் ஸ்விட்சைப் போடுவார். கம்ப்ரசர் ரிப்பேரையே தொழிலாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் நேரத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஒரு டேங்க் வெடிக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு மூன்று விஷயங்கள் சேர்ந்து கெட்டிருக்க வேண்டும், அதில் ஒன்றாவது வருடக்கணக்கில் கண்ணெதிரே கெட்டுக்கொண்டு வந்திருக்கும், யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

மெஷின் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. மோட்டார் பெல்ட் வழியாக ஹெட்டைச் சுற்றுகிறது. ஹெட்டுக்குள் பிஸ்டன் வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக இழுத்து, நெருக்கி, நான்-ரிட்டர்ன் வால்வு வழியாக டேங்குக்குள் தள்ளுகிறது. டேங்கில் வைத்த அளவு பிரஷர் ஏறியதும் பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும், இறங்கியதும் மறுபடி ஓட்டும். மோட்டார் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது லீக் இல்லை. ஹெட்டுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே விடுகிற சத்தம். அது வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டியிருக்கும், கிளம்ப முடியாமல் உறுமும், அப்புறம் மோட்டார் காயில் கருகிய வாசனைதான். பிரஷர் ஸ்விட்ச் பழுதாகி மோட்டாரை நிறுத்தாமல் விட்டால் கடைசிக் காவலாக டேங்கின் மேல் சேஃப்டி வால்வு என்று ஒரு சின்னப் பித்தளைச் சாமான் இருக்கிறது. அளவுக்கு மீறினால் தானே திறந்து காற்றை வெளியே தள்ளிவிடும்.

அந்தச் சின்னச் சாமானுக்கு நம் கடைகளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வால்வில் தூசி உட்கார்ந்து லேசாகக் கசிய ஆரம்பிக்கும். காற்று வீணாகிறது, மோட்டார் அடிக்கடி ஓடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று கடைக்காரர் எரிச்சலாவார். புது வால்வு சில நூறு ரூபாய்தான். ஆனால் அன்றைக்குக் கடையில் கூட்டம், வாங்கப் போக ஆள் இல்லை, அதனால் வால்வைக் கழற்றிவிட்டு அதே த்ரெட்டுக்கு ஒரு டம்மி, அதாவது ஓட்டையை அப்படியே மூடிவிடுகிற திருகு, டெஃப்லான் டேப் நன்றாகச் சுற்றி, பெரிய ஸ்பேனர் போட்டு இறுக்கி விடுவார்கள். கசிவு நின்றுவிட்டது, எல்லாருக்கும் திருப்தி. கம்பி போட்டு வால்வின் வளையத்தை இழுக்க முடியாமல் கட்டியதும் பார்த்திருக்கிறேன், ஸ்பிரிங்குக்குக் கீழே வாஷர் சொருகியதும் பார்த்திருக்கிறேன். "நாளைக்கு மாத்திடலாம்ணா" என்பார்கள். அடுத்த சர்வீசுக்குப் போகும்போதும் அதே டம்மி அப்படியே இருக்கும், மேலே இரண்டு கோட் பெயிண்டுடன்.

இனி பிரஷர் ஸ்விட்சுக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற பாயின்ட் கருகி ஒட்டிக்கொண்டால், மோட்டார் நிற்காது. நிறுத்த ஆளும் பக்கத்தில் இல்லை, டீக்கடைக்குப் போயிருக்கிறார். பிரஷர் மீட்டரில் முள் ஏறிக்கொண்டே போகும். டேங்க் நல்ல கனத்தோடு இருந்தால் பெல்ட் வழுக்கும், அல்லது ஓவர்லோட் ரிலே விழும், எப்படியோ தப்பிக்கலாம். டேங்கின் அடிப்பகுதி துருப்பிடித்து மெலிந்திருந்தால் தப்பிக்க வழியே இல்லை. அதைவிட மோசம், துரு போதுமான அளவு தின்றுவிட்டால் ஸ்விட்ச் கெட வேண்டும் என்றுகூட இல்லை, வழக்கமான பிரஷரிலேயே கிழியும், அப்போது சேஃப்டி வால்வு புத்தம் புதிதாக இருந்தாலும் காப்பாற்றாது.

இந்தத் துரு எங்கிருந்து வருகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாம் டேங்கில் அடைப்பது வெறும் காற்று இல்லை, காற்றில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்துத்தான். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும் ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றை 7 கிலோ பிரஷருக்கு (சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ, வெளிக்காற்றின் ஒரு கிலோவும் சேர்த்தால் 8) நெருக்கினால் எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடும். சூடு ஆறிய பிறகு அவ்வளவு சின்ன இடத்தில் ஆவியாகத் தங்கக்கூடிய தண்ணீர் 4 கிராம்கூட வராது. மிச்சம் 18 கிராம் தண்ணீராகவே இறங்கும். நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்று தருகிற ஒரு கம்ப்ரசர், ஒரு நாளைக்கு மொத்தம் மூன்று மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். 54 கன மீட்டர் காற்று. அப்படியானால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஒரே நாளில். கொஞ்சம் குழாயோடு போய்விடும் என்றாலும் பெரும்பகுதி டேங்கின் அடியில்தான் தேங்கும். சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் அதிகம், ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த ஊரிலும் அதிகம்.

இதற்காகத்தான் டேங்குக்கு அடியில் டிரெயின் காக், அதாவது தண்ணீரை வடித்துவிடுகிற சின்னத் திருகு, வைத்திருக்கிறார்கள். தினமும் கடை மூடும்போது, டேங்கில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும்போதே, அதை மெதுவாகத் திறந்தால் முதலில் செங்காவி நிறத்தில் தண்ணீர் சீறும், அப்புறம் ஆயில் கலந்து மோர் மாதிரி வெளுப்பாக வரும், கடைசியில் வெறும் காற்று வரும், அப்போது மூடிவிடலாம். அரை நிமிட வேலை. ஆனால் அந்தக் காக் இருக்கிற இடம் அப்படி: டேங்குக்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கிரீசும் மண்ணும் பழைய ட்யூப் துண்டும் கிடக்கிற மூலையில். வேட்டியோ பேன்ட்டோ, மண்டியிட்டால்தான் கை எட்டும். வருடக்கணக்கில் திறக்காமல் விட்டு, த்ரெட் துருவில் இறுகி, நான் பைப் ரெஞ்ச் போட்டாலும் அசையாத காக்குகள் உண்டு. திறந்தபோது ஒரு பக்கெட் நிரம்பிய பிறகும் தண்ணீர் நிற்காத டேங்கும் உண்டு. அந்தக் கடைக்காரர் அதுவரை "காத்து சீக்கிரம் தீர்ந்துடுது" என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருந்தால் தீரத்தானே செய்யும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. டிரெயின் துளையில் ஒரு எல்போவும், பிரஷர் தாங்குகிற ஒரு முழம் இரும்புக் குழாயும் மாட்டி, நின்றபடியே காலால் தட்டுகிற உயரத்துக்கு அல்லது கை எட்டுகிற முன்பக்கத்துக்கு ஒரு பால் வால்வைக் கொண்டு வந்துவிடுங்கள். மெஷினைத் தரையில் நிற்க வைக்கும்போது டிரெயின் இருக்கிற பக்கம் நூலளவு சரிவாக இருக்கட்டும். பல இடங்களில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், காக்கைத் திறந்தாலும் தண்ணீர் பாதி உள்ளேயே நிற்கும்.

டேங்கின் அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து காற்று கசிகிறது என்று வையுங்கள். அது பெரிய எச்சரிக்கை. அந்த ஒரு புள்ளி மட்டும் மெலியவில்லை, தண்ணீர் தேங்குகிற அந்த நீளம் முழுவதும் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். நாம் என்ன செய்கிறோம்? எம்-சீல் பசை வைத்து அடைக்கிறோம். இல்லையென்றால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு பட்டைத் தகட்டை வைத்து ஒட்டுகிறோம். மெலிந்த தகட்டில் சூடு போட்டால் சுற்றி இருக்கிற இடம் இன்னும் பலவீனமாகும். அந்த டேங்கை வெட்டி பழைய இரும்புக்குப் போட வேண்டும், வேறு பேச்சே இல்லை. பழைய இரும்புக் கடையில் இருந்து அப்படியே மறுபடி பெயிண்ட் அடித்து இன்னொருவருக்கு விற்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் வெட்டச் சொல்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் நேம் பிளேட்டைப் பாருங்கள். தயாரித்த வருடம், அதிகபட்ச பிரஷர், டெஸ்ட் பிரஷர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிளேட்டே இல்லை, அல்லது அதன் மேலும் பெயிண்ட் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வெறும் காற்றுதானே, அதுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. டேங்கின் இரண்டு முனையிலும் குவிந்த மூடி இருக்கும், டிஷ் என்போம். அதன் குறுக்களவு 45 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 1,590 சதுர சென்டிமீட்டர். உள்ளே 10 கிலோ பிரஷர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 10 கிலோ எடை தள்ளுகிறது. அந்த ஒரு மூடியை மட்டும் ஏறக்குறைய 16 டன் தள்ளிக்கொண்டு நிற்கிறது, நாள் முழுவதும், அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நாம் டீ குடிக்கிறோம். 200 லிட்டர் டேங்கில் அந்தப் பிரஷரில் அடைபட்டிருக்கிற சக்தி, ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்து மோதுவதற்குக் குறையாதது. இதே டேங்கில் தண்ணீரை நிரப்பி அதைவிட அதிகப் பிரஷர் கொடுத்தாலும் டேங்க் கிழிந்தால் தண்ணீர் பீச்சி அடித்துவிட்டு அடங்கிவிடும், ஏனென்றால் தண்ணீர் அழுந்துவதே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் டேங்கைச் சோதிக்கும்போது தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும் என்கிறார்கள். காற்றை ஏற்றி "தாங்குதா பார்ப்போம்" என்று சோதிப்பது தற்கொலைக்குச் சமம்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை எலக்ட்ரீஷியன்களே நன்றாகச் சொல்வார்கள். 3 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்சில் சொருகாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கிற கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு, வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். தனி லைன், தனி எம்.சி.பி., நல்ல எர்த். கரண்ட் போனால் உடனே மெயினை அணையுங்கள், ஏனென்றால் கரண்ட் திரும்பி வந்ததும் இது யாரையும் கேட்காமல் தானாகவே ஓடும், அப்போது பெல்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரலை அது பார்க்காது. பெல்ட் கார்டைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருக்கும் கடைகள் எத்தனையோ. இன்னொன்று, த்ரீ ஃபேஸ் மெஷின்களுக்கு: லைனில் வேலை பார்த்து ஃபேஸ் மாற்றிப் போட்டுவிட்டால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். காற்று என்னவோ ஏறும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்தப் பெரிய சக்கரம்தான் ஹெட்டுக்கு ஃபேன், அது தலைகீழாகச் சுற்றினால் ஹெட் சூடாகி வால்வு பிளேட் போய்விடும். சக்கரத்தில் அம்புக்குறி போட்டிருப்பது அழகுக்கு இல்லை.

எங்கள் பக்கம் இன்னொரு பழக்கம் இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடிந்ததும் ஏர் கன்னை எடுத்து ஒருவருக்கொருவர் தலையிலும் சட்டையிலும் ஒட்டியிருக்கும் பஞ்சை ஊதி விடுவார்கள். லைனில் இருக்கிற பிரஷர் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குக் குறையாது, நம் கணக்கில் சுமார் 7 கிலோ. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில், சுத்தம் செய்யப் பயன்படுத்தும் காற்று 30 பவுண்டுக்குக் கீழே குறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது, அதுவும் மெஷினையும் தரையையும் சுத்தம் செய்வதற்கு, ஆளை அல்ல. கண்ணில் பட்டால் தூசி ஊசியாகக் குத்தும், காதில் பட்டால் செவிப்பறை கிழியும், தோலில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியே காற்று உள்ளே போகும். விளையாட்டுக்கு ஒருவரின் பின்பக்கம் காற்றடிப்பது என்று ஒரு கேடுகெட்ட வேடிக்கையும் பட்டறைகளில் உண்டு. 2015இல் வங்கதேசத்தின் குல்னா நகரில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஒரு சிறுவனை இதே மாதிரி காற்றடித்துத்தான் கொன்றார்கள், அந்த வழக்கில் அதே வருடமே மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் பெங்களூரில் நண்பனின் விளையாட்டில் ஓர் இளைஞர் இறந்தார். குடல் கிழிய ஓரிரு நொடி போதும். புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்களிடம் முதல் நாளே இதைச் சொல்ல வேண்டும், நம் ஊரில் யாரும் சொல்வதில்லை.

யூடியூபைப் பார்த்துப் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரோடு காலாவதியான தீயணைப்பு சிலிண்டரையோ கேஸ் சிலிண்டரையோ இணைத்து "வீட்டிலேயே ஏர் கம்ப்ரசர்" செய்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த சிலிண்டர் உள்ளே எவ்வளவு துரு என்று உங்களுக்குத் தெரியாது, சேஃப்டி வால்வு வைத்திருக்க மாட்டீர்கள், பிரஷர் ஸ்விட்சும் இருக்காது. பட்டறைகளில் ஏர் லைனுக்குத் தண்ணீர்க் குழாயாக விற்கிற பி.வி.சி.யைப் போடுவதும் இதே ரகம்தான். தண்ணீருக்கு அது நல்ல பைப். காற்றில் உடைந்தால் கண்ணாடிச் சில்லாகச் சிதறும்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆவது பிரிவு, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் இயங்கும் எந்தச் சாதனத்திலும் பாதுகாப்பான அழுத்தம் மீறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர்கள் இருந்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. பஞ்சர் கடையில் இருப்பது அண்ணனும் தம்பியும், மிஞ்சிப் போனால் ஒரு உதவிப் பையன். கம்பெனியில் இருக்கும் அதே 200 லிட்டர் டேங்க், அதே பிரஷர், ஆனால் இங்கே எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்க மாட்டார். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் தொழிலாளர் துறை முத்திரை வேண்டும், நூறு கிராம் பருப்பில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்று. நல்ல விஷயம்தான். ரோட்டோரம் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளுக்குக் காற்றடிக்க நிற்கிற இடத்தில் இருக்கும் டேங்குக்கு எந்த முத்திரையும் கிடையாது.

சின்னக் கடைகளுக்கு இன்னொரு லைசென்ஸ், இன்னொரு அபராதம் என்று கொண்டு வரச் சொல்லவில்லை, அது எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். மாவட்டந்தோறும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே ஒரு கை ஹைட்ரோ டெஸ்ட் பம்பும், தகட்டின் கனத்தை வெளியிலிருந்தே அளக்கிற அல்ட்ராசோனிக் மீட்டரும் வைத்து, மாதத்தில் ஒரு நாள் குறைந்த கட்டணத்தில் சோதித்துத் தேதி குத்திக் கொடுக்கலாம், ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்கும் கை பழகும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டினால் போதும். டெஸ்டில் தோற்ற டேங்கை அங்கேயே வெட்டிவிட்டு, புது டேங்க் வாங்கத் தொழில் கடனில் சின்ன உதவி கிடைத்தால் கடைக்காரர்கள் தாங்களாகவே வருவார்கள். கோயம்புத்தூர் பக்கம் கம்ப்ரசர் தயாரிக்கும் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை, அவர்களும் இதில் கை கொடுக்கலாம்.

பத்திரிகையிடம் நான் கேட்பது இதைவிடச் சுலபம். அடுத்த முறை இப்படி ஒரு விபத்துச் செய்தி வந்தால், நிருபர் அங்கே நான்கு கேள்வி கேட்கட்டும். சேஃப்டி வால்வு இருந்ததா, டம்மியா? டேங்க் எந்த வருடத்தது? அடியில் ஒட்டு வெல்டிங் இருந்ததா? கிழிந்த விளிம்பில் தகடு எவ்வளவு கனம், உள்பக்கம் துரு இருந்ததா? தீயணைப்புத் துறையினரோ பக்கத்துப் பட்டறை வெல்டரோ பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை இரண்டு வரியில் போடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாது என்று தெரியும். வெட்டுவதாக இருந்தால் சட்டத்தைப் பற்றிய பத்தியை வெட்டுங்கள். டிரெயின் காக், சேஃப்டி வால்வு பத்திகள் இரண்டையும் தயவுசெய்து அப்படியே போடுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்தால் நல்லது, வெட்டி எடுத்து கம்ப்ரசர் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்ரசர் மெக்கானிக்,
அவிநாசி.